ஒரு கிண்ணத்துக்கு அவர் வைத்த பெயர்

வரதன் சார் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் மிக்ஸி பழுது பார்க்கும் கடையில் நின்றுகொண்டிருந்தேன். விக்டோரியா சிஸ்டர்தான் போன் செய்தார். சுரங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சாவுச் செய்தியையும் ஊசி போடுவது மாதிரி சட்டென்று சொல்லி முடித்துவிடுவார். "ஏழுமலை, வரதன் சார் காலைல தவறிட்டாரு. தூக்கத்துலயே போயிட்டாரு. நீ வர்றியா, இன்னா?" என்றார். எனக்கும் வரதன் சாருக்கும் பேச்சு நின்று சில வருடங்கள் ஆகிவிட்டன என்பது அவருக்குத் தெரியும். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஜாருக்குப் புது பிளேடு போடுங்கள் என்று கடைக்காரரிடம் சொன்னேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. சண்டை பாதியில் இருக்கும்போது எழுந்து போய்விட்டாரே என்கிற கோபம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் தேநீருக்குக் கூடிய நீங்கள் எல்லோரும் சேர்ந்து, அவரைப் பற்றி எழுத என்னைக் கேட்டிருக்கிறீர்கள். நான்தான் எப்போதும் முதல் விருந்தாளியின் இடத்தில் உட்கார்ந்தவன் என்பதால் கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். செத்தவரைப் பற்றிக் கெட்டது பேசக்கூடாது என்பது எனக்கும் தெரியும். நான் கெட்டதும் பேசப் போவதில்லை, நல்லதும் கூட்டிச் சொல்லப் போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன். உங்களில் பாதிப் பேருக்கு அது வேறு வழியாக வந்து சேர்ந்தது. என் வாயால் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

எங்கள் பழக்கம் ஒரு கதவில் ஆரம்பித்தது. வரதன் சார் இங்கே உள்ள பெரிய இயந்திரத் தொழிற்சாலைக்குத் திருச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த இன்ஜினியர். தொழிற்சாலை அவரைப் பயிற்சிக்கு ஜப்பான் அனுப்பியது. அங்கே அவருடைய மேலதிகாரியின் மனைவி தேநீர் முறை கற்றுக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்க்கக் கூடப் போன இவர், இயந்திரத்தை மறந்து அதிலேயே உட்கார்ந்துவிட்டார். ஓய்வு பெற்றதும் கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வீடு வாங்கி, பின்னால் இருந்த தட்டுமுட்டுச் சாமான் அறையைத் தேநீர் அறையாக மாற்ற ஆரம்பித்தார். அந்த அறைக்குக் கதவு தாழ்வாக இருக்க வேண்டும், வருகிறவர் மண்டி போட்டுத் தவழ்ந்துதான் நுழைய வேண்டும் என்பது ஜப்பானில் முறை. எவ்வளவு தாழ்வு என்று தச்சருக்கும் இவருக்கும் தகராறு. விக்டோரியா சிஸ்டர் என்னை அழைத்துக்கொண்டு போய், சுரங்கத்தில் ஷிஃப்ட் பாஸாக இருந்தவர், இவரைக் கேளுங்கள் என்று நிறுத்தினார். நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுரங்கத்துக்குள் பாறை இடுக்கில் எப்படி நுழைவோமோ அப்படிக் குனிந்து காட்டினேன். என் முதுகுக்கு மேலே சுவரில் அவர் சாக்பீஸால் கோடு போட்டார். அந்தக் கோடுதான் கதவின் உயரம் ஆயிற்று.

அந்தக் கதவுக்கு அவர் சொன்ன பொருள் எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிரபுவானாலும் போர்வீரனானாலும் கத்தியை வெளியே வைத்துவிட்டுத் தலை குனிந்துதான் உள்ளே வரமுடியும். அந்தக் கதவைத் தாண்டினால் பெரியவன் சின்னவன் இல்லை. "சார், நாங்க வருஷக் கணக்கா குனிஞ்சே போய் வந்தவங்க. எங்களுக்கு இதுல புதுசா இன்னா பணிவு வந்துடப் போவுது?" என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "நீங்க வேலைக்குக் குனிஞ்சீங்க ஏழுமலை. இங்க உங்களுக்காக நானும் குனியறேன்" என்றார். அந்த பதில் எனக்குப் பிடித்துப்போயிற்று. தங்கவயலில் எத்தனை பேர் எங்களைக் குனியச் சொல்லியிருக்கிறார்கள், கூடக் குனிகிறேன் என்று யாரும் சொன்னதில்லை.

தேநீர் என்றால் நமக்கு ஸ்டேஷன் வாசலில் கண்ணாடி டம்ளரில் ஆற்றிக் கொடுப்பது. இது வேறு சமாசாரம் என்று உங்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோரைப்பாயில் மண்டி போட்டு உட்கார வேண்டும். நடுவே கரி அடுப்பு, அதில் இரும்புக் கெட்டில். தண்ணீர் கொதிக்கும் சத்தத்தைப் பைன் மரக் காற்று என்று ஜப்பானில் சொல்வார்களாம். எங்களுக்குச் சுரங்கத்துக் காற்றுக் குழாயில் ஓட்டை விழுந்த சத்தம். முதலில் இனிப்பு. அதற்குப் பாசிப்பயறு பூரணம் உருட்டி என் மனைவி கஸ்தூரி கொடுத்தனுப்புவாள். இனிப்பு முழுவதையும் தின்று முடித்த பிறகுதான் கசப்பான பச்சைத் தேநீர். கிண்ணத்தின் அழகான முகத்தை விருந்தாளியின் பக்கம் திருப்பி வைப்பார். விருந்தாளி அதைக் கையில் எடுத்துக் கொஞ்சம் திருப்பி, அந்த முகத்தில் வாய் படாமல் குடிக்க வேண்டும். குடிப்பதற்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம், உங்களுக்கு முன்னால் குடிக்கிறேன், மன்னிக்கவும் என்று சொல்ல வேண்டும். விக்டோரியா சிஸ்டர் முதல் நாள், "ஒரு வாய் டீக்கு இவ்ளோ மன்னிப்பா? சர்ச்சுல கூட இவ்ளோ கேக்க மாட்டாங்க" என்றார். வரதன் சார் சிரிக்கவே இல்லை. அறைக்கு வெளியே வந்த பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவர் எவ்வளவு கறாரானவர் என்பதற்கு ஒரு சம்பவம். பச்சைத் தூள் அவருடைய மகள் பெங்களூரில் வாங்கி அனுப்புவது. ஒரு ஞாயிறு அது வந்து சேரவில்லை. நாங்கள் ஏற்கெனவே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டோம். முருங்கைப் பொடியைப் போட்டுக் கலக்குங்கள், பச்சையாகத்தானே இருக்கிறது, யாருக்குத் தெரியும் என்று நான் கிண்டலாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. வழக்கம்போலத் துணியை மடித்தார், கரண்டியைத் துடைத்தார், கெட்டிலிலிருந்து வெறும் வெந்நீரை மொண்டு கிண்ணத்தில் ஊற்றி என் முன்னால் வைத்தார். "இல்லாததை இருக்கிற மாதிரி இந்த ரூம்ல காட்டக்கூடாது" என்றார். அன்றைக்கு எல்லோரும் வெந்நீர் குடித்துவிட்டு, அதே மன்னிப்பு, அதே வணக்கத்தோடு வெளியே வந்தோம். இவர் பொய் சொல்லமாட்டார் என்று நான் முடிவு செய்தது அன்றைக்குத்தான். அந்த முடிவில் தப்பில்லை. நான் அங்கே போய் வந்த காலம்வரை அவர் பொய் சொல்லவில்லை. எனக்கு வந்த வினையே அதுதான்.

முதல் விருந்தாளியின் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், இனிமேல் வருவதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அறைக்குள் கண்டபடி பேசக்கூடாது. பணம், அரசியல், அடுத்தவன் குறை எதற்கும் இடமில்லை. எல்லோருக்காகவும் முதல் விருந்தாளி ஒருவர்தான் பேசுவார். தேநீர் முடிந்ததும் பாத்திரங்களைக் கையில் வாங்கிப் பார்த்து, இதைச் செய்தது யார், இதற்குப் பெயர் என்ன என்று கேட்பார். நல்ல கிண்ணத்துக்குப் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். பெயரைக் கிண்ணத்தில் எழுத மாட்டார்கள். அதை வைக்கும் மரப்பெட்டியின் மூடியில் எழுதுவார்கள். பெயருக்குப் பின்னால் இருக்கும் கதையை விருந்தாளி கேட்கலாம், கேட்டால் வீட்டுக்காரர் சொல்லியாக வேண்டும். அவரிடம் இருந்த ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்கு 'தாமதம்' என்று பெயர். அவருக்குத் திருமணம் ஆன வருடம், ஜப்பானில் தேநீர் முறை சொல்லிக் கொடுத்த ஆசிரியை கொடுத்ததாம். அப்போது வரதன் சாருக்கு வயது நாற்பதைத் தொட்டிருந்தது.

இனி என் கதை. சுரங்கத்தை மூடியபோது நான் ஷிஃப்ட் பாஸ். சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜ் லிஃப்டிலிருந்து இறங்கினால் ஆட்கள் எனக்கு சலாம் வைப்பார்கள். அதன் பிறகு மாரிகுப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலில் நானும் எல்லோரையும் போல பெங்களூருக்கு வேலை தேடிப் போனேன். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு பெரிய அபார்ட்மென்ட்டில், தினமும் ரயிலில் போய் வருகிற மாதிரி செக்யூரிட்டி வேலை கிடைத்தது. வீட்டில் ஸ்டோர் சூப்பர்வைசர் என்று சொல்லிவிட்டேன். கஸ்தூரி அதை ஸ்கெலட்டன் என்கிற எங்கள் குடியிருப்பில், லைன் வீடுகள் முழுக்கப் பெருமையாகச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு மாற்றிச் சொல்ல முடியவில்லை. யூனிஃபார்மை வீட்டுக்கு எடுத்து வந்ததே இல்லை. அங்கேயே துவைத்து, கேபின் பின்னால் காயப்போட்டு, அங்கேயே மாட்டிவிட்டு வருவேன். உள்ளே போகிற ஒவ்வொரு காருக்கும் எழுந்து நின்று கை தூக்கி சலாம் வைக்க வேண்டும். முக்கால்வாசிக் கார்களின் கண்ணாடி கறுப்பு. உள்ளே ஆள் பார்த்தாரா இல்லையா என்றுகூடத் தெரியாது.

ஒரு ஞாயிறு நல்ல மழை. வேறு யாரும் வரவில்லை, நான் மட்டும்தான். ஒருவன்தானே என்று அவர் எதையும் குறைக்கவில்லை. நான் வருவதற்கு முன்பே கரியை அடுக்கி, வாசல் கல்லில் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். மழையே தெளித்துக்கொண்டிருக்கும்போது இவரும் தெளித்திருந்தார். அன்றைக்குப் புதிதாக ஒரு சாம்பல் நிறக் கிண்ணம். கையில் வாங்கிப் பார்த்தேன். கனமாக, ஒரு பக்கம் லேசாக அழுந்தி, பிடிப்பதற்கு வாகாக இருந்தது. பெயர் என்ன என்று கேட்டேன். இன்னும் வைக்கவில்லை என்றார். அதற்குப் பிறகு ஏன் பேசினேன் என்று கேட்டால், ஒருத்தர் இவ்வளவு கவனமாக எனக்காக எதையாவது செய்து நான் பார்த்ததில்லை, அதனால் பேசினேன். செக்யூரிட்டி வேலையைச் சொன்னேன். சலாமைச் சொன்னேன். கஸ்தூரிக்குத் தெரியாது என்பதைச் சொன்னேன். நான் முடித்ததும், "இந்த ரூமுக்குள்ள சொன்னது இந்த ரூமுக்குள்ளயே இருக்கும், ஏழுமலை" என்றார். நான் கேட்காமலேயே சொன்னார். அந்த வாக்கியத்தை எத்தனையோ நாள் ரயிலில் போகும்போது நினைத்துக்கொண்டே போயிருக்கிறேன்.

அடுத்த முறை எல்லோரும் இருந்தீர்கள். அதே சாம்பல் கிண்ணம் வந்தது. முறைப்படி நான் பெயரைக் கேட்டேன். 'வாசல்' என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உங்களில் ஒருவர் அழகான பெயர் என்று சொன்னீர்கள். நான் ஒளித்து வைத்த ஒன்றுக்கு ஒரு மனிதர் மரியாதை செய்துவிட்டார், அதுவும் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி செய்துவிட்டார் என்று நினைத்தேன். அந்த வாரம் காருக்குக் கை தூக்கும்போது கூச்சமே இல்லை.

பிறகு அவருக்கு பெங்களூரிலிருந்து அழைப்புகள் வர ஆரம்பித்தன. முதலில் மகளின் ஆபீஸில், அப்புறம் வேறு கம்பெனிகளில், பிறகு யார் யாரோ நடத்துகிற கலைக்கூடங்களில் தேநீர் முறையைச் செய்து காட்டக் கூப்பிட்டார்கள். எங்களுக்கெல்லாம் சந்தோஷம்தான். நம் ஊர் மனிதரை நாலு பேர் கொண்டாடினால் யாருக்குத்தான் கசக்கும்? கெட்டிலையும் பெட்டிகளையும் ஸ்டேஷன்வரை நானே தூக்கிக்கொண்டு போய் ரயில் ஏற்றியிருக்கிறேன். அந்தச் சாம்பல் கிண்ணம் இருந்த பெட்டியையும் நான்தான் தூக்கிக் கொடுத்தேன்.

அதற்கு அடுத்த மாதம், சாயங்காலம் கார்கள் திரும்பி வரும் நேரம். கேட்டில் ஒரு கார் நின்றது. கண்ணாடி இறங்கியது. அங்கே குடியிருக்கிற ஒரு தமிழ்ப் பெண்மணி. தினமும் போய் வருகிறவர்தான், ஆனால் அதுவரை முகத்தைப் பார்த்ததில்லை. "கே.ஜி.எஃப்.லேர்ந்து வர்ற செக்யூரிட்டி நீங்கதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப நீங்கதான் அந்த வாசல்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. காரை விட்டு இறங்கி, தொடையில் கை வைத்து, இடுப்பு வளையக் குனிந்து எனக்கு ஜப்பானிய வணக்கம் வைத்தார். பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. கூட வேலை செய்த பையன்கள் என்ன கூத்து இது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. கலைக்கூடத்தில் யாரோ கிண்ணத்தின் பெயரைக் கேட்டார்கள், வரதன் சார் வாசல் என்று சொன்னார், ஏன் என்று கேட்டார்கள், சொல்லிவிட்டார். சுரங்கத்தில் ஷிஃப்ட் பாஸாக இருந்தவர், ஒயிட்ஃபீல்டில் கேட்டில் நிற்கிறார், யூனிஃபார்மை மனைவிக்குத் தெரியாமல் அங்கேயே துவைக்கிறார் என்பதுவரை சொல்லிவிட்டார். ஒரு தடவை இல்லை, போன இடமெல்லாம் கேட்டார்கள், போன இடமெல்லாம் சொன்னார். கேட்டவர்கள் அழுதார்களாம். அந்தப் பெண்மணி கெட்டவர் இல்லை. நல்ல மனசு. நல்ல மனசு செய்கிற காரியத்துக்கு மறுப்புச் சொல்லவும் முடியாது, ஓடி ஒளியவும் முடியாது. அபார்ட்மென்ட் விழாவில் என்னை மேடையேற்றிச் சால்வை போட்டார்கள். யூனிஃபார்மோடு. எல்லோரும் சேர்ந்து ஜப்பானிய வணக்கம் வைத்தார்கள். அந்தப் பெண்மணி மைக்கில் கிண்ணத்தின் கதையைச் சொன்னார், யாரோ வீடியோ எடுத்தார்கள்.

அந்த வீடியோ எனக்கு முன்னால் ரயிலேறி ஊருக்கு வந்துவிட்டது. நான் வீட்டுக்குள் நுழைந்தபோது கஸ்தூரி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், போன் மடியில் இருந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. செக்யூரிட்டி வேலையைப் பற்றி அவள் ஒன்றுமே கேட்கவில்லை. "டீ குடிச்ச எடத்துல சொல்லிக்கீறீங்க. எங்கிட்ட சொல்ல இன்னாங்க கூச்சம்? நான் இன்னா அந்தக் காருல வர்றவளா?" என்று கேட்டாள். லைனில் எங்கள் மரியாதை போயிற்று என்பதல்ல விஷயம், அது நாலு நாளில் திரும்பி வந்துவிடும், பாதி வீடுகளில் செக்யூரிட்டிகள்தான். கஸ்தூரிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதை, என்றைக்காவது என் நேரம் பார்த்து என் வாயால் சொல்லியிருக்கக் கூடியதை, வேறொருவர் எடுத்து ஊருக்குப் பரிமாறிவிட்டார். அந்த வாய்ப்பு இனி எனக்குக் கிடையாது. அதைத்தான் வரதன் சார் எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமைவரை பொறுக்கவில்லை, மறுநாள் காலையிலேயே போனேன். அவர் தேநீர் அறைக்குள் உட்கார்ந்து பாய் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே வாருங்கள் என்றார். நான் குனியவில்லை. அந்தக் கதவுக்கு வெளியே நிமிர்ந்து நின்றுகொண்டேன். அவருக்கு என் கால் மட்டும்தான் தெரிந்திருக்கும். ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். "உங்க பேரை நான் எங்கயும் சொல்லலையே ஏழுமலை" என்றார். பேரைத் தவிர மீதி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறீர்கள் என்றேன். "கேட்டா பதில் சொல்லணும், அதான் முறை. அங்க உக்காந்துக்கிட்டு நான் எப்படிப் பொய் சொல்றது?" என்றார். "அந்த ரூம்ல சொன்னது அங்கயே இருக்கும்னு சொன்னதும் நீங்கதான் சார். அது இன்னா, முறையில வராதா?" என்று கேட்டேன். உள்ளே மறுபடி பாய் துடைக்கும் சத்தம் கேட்டது. "உங்களைப் பெருமைப்படுத்தத்தான் அந்தப் பேரை வெச்சேன்" என்றார்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அங்கேயே மண்டி போட்டு உள்ளே போயிருப்பேன். ஒரு வாய் தேநீருக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லிக் கொடுத்த மனிதருக்கு, இதற்கு மன்னிப்புக் கேட்க வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் என்னிடம் பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவருக்கு இரண்டு முறைகள் இருந்தன. ஒன்றைக் காப்பாற்ற ஒன்றை உடைக்க வேண்டி வந்தபோது, பெங்களூர்க்காரர்கள் பார்க்கிற முறையைக் காப்பாற்றினார். எனக்குக் கொடுத்த வாக்கைப் பார்க்க அங்கே யாரும் இல்லை, அதனால் அது உடைந்தது. திரும்பி நடந்து வந்துவிட்டேன். அன்றைக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. நீங்கள் என்ன காரணம் என்று கேட்டபோதெல்லாம் முட்டி வலி என்று சொன்னேன். முட்டி நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த அபார்ட்மென்ட் வேலையை விட்டுவிட்டேன். கேட்டில் குழந்தைகள் வந்து செல்ஃபி எடுக்க ஆரம்பித்தால் வேலை எப்படிப் பார்ப்பது? வேறொரு இடத்தில் அதே வேலையில் சேர்ந்தேன். அங்கே கொடுத்த யூனிஃபார்மை வீட்டுக்கே கொண்டுவரச் சொன்னாள் கஸ்தூரி. அவள்தான் துவைத்தாள். இஸ்திரியும் போட்டாள். ஆனால் அதைச் செய்யும்போது ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை.

சாவு வீட்டுக்கு நானும் கஸ்தூரியும் சேர்ந்துதான் போனோம். நீங்கள் பார்த்தீர்கள். வரதன் சாரை முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். முகம் சின்னதாகியிருந்தது. பெங்களூரிலிருந்து வெள்ளை உடுப்பில் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அதில் ஓர் இளைஞர் விக்டோரியா சிஸ்டரிடம் ஏதோ விசாரித்துவிட்டு என்னிடம் வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு, "சார், வாசல் நீங்கதானா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். "என் பேரு ஏழுமலை" என்றேன். கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போய் வரதன் சாரின் காலைத் தொட்டேன். காலடியில் நிற்கும்போதுதான் அழுகை வந்தது. அடக்க முயன்றேன், முடியவில்லை. கூடக் குனிகிறேன் என்று எனக்கு வேறு யார் சொன்னார்கள்?

காரியம் முடிந்த பிறகு அவருடைய மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் அந்த மரப்பெட்டி. அப்பா இதை உங்களுக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார் என்றாள். அன்றைக்கு நான் வந்து கேட்டுவிட்டுப் போனதிலிருந்து அவர் இந்தக் கிண்ணத்தை வெளியே எடுக்கவே இல்லையாம். யாராவது கேட்டால் அது இப்போது தன்னிடம் இல்லை என்று சொல்லிவிடுவாராம். அலமாரியில் வைத்துக்கொண்டே அப்படிச் சொல்லியிருக்கிறார். ஆக, கடைசியில் எனக்காகப் பொய்யும் சொன்னார். ஆனால் கோரமண்டல் ஸ்டேஷனிலிருந்து ஸ்கெலட்டன் எவ்வளவு தூரம்? அதை என் வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்ல அவருக்கு என்ன தடை? எங்கள் வீட்டுக் கதவு நிமிர்ந்தே வரக்கூடிய உயரம்தான்.

பெட்டியைத் திறக்காமல், வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மூடியில் வரதன் சாரின் தூரிகை எழுத்தில் அந்தப் பெயர் இருந்தது. அதற்குள் கஸ்தூரி அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். "இது எங்க வூட்டு விஷயம்மா. வெளிய ஏன் இருக்கணும்? குடு" என்று வாங்கிக்கொண்டாள். பெட்டியைத் திறந்து கிண்ணத்தை எடுத்தாள். பெட்டியை மூடி அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்தாள். "இது மட்டும் போதும். பொட்டி அப்பா எழுதினது, நீ வெச்சிக்கோ" என்றாள்.

கிண்ணம் இப்போது எங்கள் அடுப்படியில் இருக்கிறது. கஸ்தூரி அதில் புளி ஊறவைக்கிறாள். ஒரு பக்கம் அழுந்தியிருப்பதால் கரைக்க வாகாக இருக்கிறதாம். சாம்பல் நிறம் உட்புறம் கொஞ்சம் பழுப்பேறி வருகிறது. பக்கத்து வீட்டுப் பெண் புதுசா இருக்கே, இன்னாக்கா இது என்று கேட்டபோது, கிண்ணம் என்று பதில் சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மன்னித்துவிட்டாயா என்று விக்டோரியா சிஸ்டர் கேட்கிறார். இல்லை. வரதன் சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கிண்ணத்தையும் இந்தக் கோபத்தையும்தான். இரண்டையும் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.